சில்லறை உட்கார்ந்த நாள்

எங்கள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டுகளுக்குப் பெயர் வைப்பது நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. வக்கீல் குமாஸ்தாவாகப் பத்தொன்பது வருடம் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு படி ஏறி இறங்கியதில் தானாக வந்து சேர்ந்த பதவி அது. புதிதாக ஒருவர் மாற்றலாகி வந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பேன். அதற்குள் ஆள் பிடிபட்டுவிடுவார். எட்டாம் நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெயரைச் சொல்வேன். மதியத்துக்குள் கைதி வண்டி ஓட்டுகிறவர் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் கோர்ட்டில் இருந்தவர் 'வாய்தா'. கொலையோ கோழித் திருட்டோ, எது வந்தாலும் அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிடுவார். இரண்டாவது கோர்ட்டில் 'பேனா மூடி'. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பேனாவை மூடி வைப்பார். மூடிவிட்டால் தீர்ப்பு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் தொண்டை வறளக் கத்தினாலும் சுவருக்குத்தான் கேட்கும். மூன்றாவது கோர்ட்டில் 'சில்லறை'. யாரையும் உள்ளே தள்ள அவருக்கு மனசு வராது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்னதாக ஒரு அபராதம் போட்டு, "கட்டிட்டு வீட்டுக்குப் போங்க" என்பார். மூன்று பேரிலும் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

இந்தப் பெயர்களை வீட்டில் ரசிக்க ஒருவன் இருந்தான். என் தம்பி. குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி. லாயத்தில் அவனை 'இறகு' என்று கூப்பிடுவார்கள். எடை மேடையில் ஏறினால் முள் நகரவே யோசிக்கும் என்பது அவர்கள் கேலி. வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். நான் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். அவன் வேகவைத்த காயை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, அதையும் பாதிதான் தின்பான். பசி தெரியாமல் இருக்கப் பேச்சுத்தான் எங்களுக்குத் தொட்டுக்கை. நான் என் மாஜிஸ்திரேட்டுகளைச் சொல்வேன், அவன் அவனுடைய அதிகாரிகளைச் சொல்வான்.

அவன் பக்கத்திலும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. வளைவில் இருக்கும் உயரமான மேடையில் தூரக்கண்ணாடியோடு நிற்கிறவர் 'கழுகு'. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கிகளை எடை போடுகிறவர் 'கால்கிலோ'. அந்தக் கால் கிலோவுக்காக ஒருவனைச் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறச் சொன்னவர். இவர்களுக்கெல்லாம் மேலே விசாரணை அறையில் நடுவில் உட்கார்ந்து தண்டனை சொல்கிற பெரிய ஸ்டீவர்ட் 'வருத்தம்'. எந்தத் தண்டனையைப் படித்தாலும், "எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பாராம். ஒருத்தன் கால் உடைந்து கட்டிலில் கிடக்கும்போது போய்ப் பார்த்து, அங்கேயும் அதையே சொல்ல, படுத்திருந்தவன் தனக்கு எத்தனை வாரம் தடை என்று கேட்டானாம். அன்றைக்கு எனக்குப் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குப் பெயர் என்பது கேலி. குனிந்து நிற்க வேண்டியவர்களுக்கு அந்த அளவுக்காவது ஒரு பழிவாங்கல் வேண்டாமா? அவனுக்கு அப்படியில்லை. "வளைவுல கழுகு நிக்குது" என்று ஒருவன் சொன்னால், அந்த வளைவில் எவனும் குறுக்கே புகமாட்டான். "இன்னைக்கு கால்கிலோ" என்றால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அவர்கள் பெயரை நம்பித்தான் குதிரை ஓட்டினார்கள்.

அந்த விபத்து ஒரு விடியற்காலைப் பயிற்சியில் நடந்தது. எங்கோ ஒரு தகரம் சரிந்து விழுந்த சத்தத்தில் குதிரை மிரண்டது. பயிற்சி நேரத்தில் மைதானத்தின் பக்கவாட்டுக் கேட் மூடியிருக்க வேண்டும். அன்று திறந்து கிடந்தது. தம்பி கடிவாளத்தை இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது, ஆனாலும் குதிரை ரோட்டுக்குப் பாய்ந்துவிட்டது. சைக்கிளில் ரொட்டிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் மேல் மோதி, அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என் தம்பிதான்.

மூன்றாம் நாள் ஸ்டீவர்டுகள் விசாரித்தார்கள். போய்விட்டு வந்தவனை நான் உட்காரக்கூட விடவில்லை.

"கேட் தொறந்து கெடந்துச்சுன்னு சொன்னியாடா?"

"அங்க அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா."

"ஏன், சொன்னா வாய் வெந்துடுமா?"

"பதில் பேசினா ரெண்டு மடங்கு போடுவாங்க. உள்ள போனதும் 'என் தப்புதான் ஐயா'ன்னு சொல்லிடணும். பாதியாக் கொறையும். பன்னெண்டு வருஷமா அப்படித்தான். அதுவும் இல்லாம..." கொஞ்சம் தயங்கினான். "கேட் தொறந்து வெச்சதே வருத்தத்தோட கார் வரும்னுதான்."

நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு 'வருத்தத்தோட கார்' என்ற வார்த்தையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ரெண்டு மாதத் தடை போட்டார்கள். அதைக் கழித்துவிட்டுத் திரும்பியவனுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு பெரிய ட்ரெய்னர் கூப்பிட்டு நல்ல குதிரை ஒன்றைக் கொடுத்தார். செம்பழுப்புப் பெண் குதிரை. முப்பத்து நாலு வயதில் அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல குதிரை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குத்தான் அந்த விபத்துக்காகப் போலீஸ் போட்ட வழக்கில் கோர்ட் சம்மன் வந்து நின்றது.

எங்கள் வக்கீல் பந்தய கிளப்பின் விதிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ஒரு வரியை நகத்தால் கீறிக் காட்டினார். எந்த நீதிமன்றத்திலாவது தண்டனை பெற்றவர் லைசன்ஸ் வைத்திருக்க முடியாது. ஒருமுறை போனால் போனதுதான். "பயப்படாதம்மா. முதல் கேள்விக்கு இல்லன்னு சொல்லச் சொல்லு. வாய்தா கோர்ட்தானே, கேஸ் அஞ்சு வருஷம் நடக்கும். அதுக்குள்ள உன் தம்பியே ஓட்டி அலுத்துடுவான். கேட் விஷயத்தை வெச்சு விடுதலையும் வாங்கிடலாம்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மாஜிஸ்திரேட் ஆனேன். அவன் எதிரில் நின்றான்.

"குற்றத்தை ஒத்துக்கறியா?"

"ஆம்... இல்ல."

"அது என்னடா ஆமில்ல? ஒழுங்கா சொல்லு."

"கேட்டவுடனே ஆமான்னுதான்க்கா வருது. வாய் பழகிப்போச்சு."

"பழக்கத்தை லாயத்துல வெச்சுட்டு வா. தண்டனைன்னு ஆயிடுச்சுன்னா லைசன்ஸ் போயிடும், ஞாபகம் இருக்கட்டும். இங்க தப்பு செஞ்சவன்கூட முதல்ல இல்லன்னுதான் சொல்லுவான். எங்க, சொல்லு."

பத்து தடவை சொல்ல வைத்தேன். பத்தாவது தடவை நன்றாகவே சொன்னான்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு. வாய்தா விடுமுறை, அவருடைய வழக்குகள் எல்லாம் மூன்றாவது கோர்ட்டுக்கு மாற்றம். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வேர்த்து வழிய நின்றான். குதிரை மேல் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், தாழ்வாரத்தில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த நாலு பேரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"பயப்படாதடா. இன்னைக்கு சில்லறைதான் உட்கார்றார். தங்கமான மனுஷன். நான் போய் வக்கீலைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "சில்லறையா?" என்று ஒருதரம் கேட்டுக்கொண்டான். ஒத்துக்கொண்டால் சின்ன அபராதம், கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதை எங்கள் சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பேன்! அவன் அதை எப்படி வாங்கிக்கொண்டான் என்று பார்க்காமல் நான் விறுவிறுவென்று படியேறிவிட்டேன்.

வக்கீல் மேல்மாடியில் வேறு வழக்கில் இருந்தார். ஒரு நிமிடத்தில் அவரைக் கிளப்பியிருக்கலாம். படி திரும்புகிற இடத்தில் பக்கத்து வக்கீலின் குமாஸ்தா 'நெட்டை' என்னை மறித்தான். புதிதாக வந்திருக்கும் அரசு வக்கீலுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டான். வைத்திருந்தேன். சொன்னேன். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னும் ரெண்டு பேர் வந்து நின்றார்கள், அவர்களுக்காக மறுபடி நடித்துக் காட்டினேன். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். சில்லறை தன் கோர்ட்டில் முதல் கேள்வி கேட்க வேண்டிய வழக்குகளைத்தான் முதலில் எடுப்பார். ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். வாய் ருசியில் மறந்துபோனேன்.

வக்கீலோடு நான் கீழே வந்தபோது தம்பி எதிரே வந்தான். கையில் ஒரு ரசீது. முகமெல்லாம் பல்.

"அக்கா, முடிஞ்சுது!"

"என்னடா முடிஞ்சுது?"

"கேஸு. நீ சொன்னது நெசம்க்கா, தங்கமான மனுஷன். 'ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிச்சிடலாம், யோசிச்சுச் சொல்லுப்பா'ன்னார். ஒத்துக்கிட்டேன். சில்லறைதான் போட்டார். ஞாயித்துக்கிழமைக்கு இனிமே ஒரு கவலையும் இல்ல."

வக்கீல் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் கையிலிருந்த கட்டால் தம்பியின் தோளில் ஓங்கி அடித்தேன். கட்டு பிரிந்து காகிதமெல்லாம் தாழ்வாரத்தில் சிதறியது. அவன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான்.

"தண்டனைன்னா லைசன்ஸ் போயிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா, பாவி!"

"தண்டனை எங்கக்கா போட்டாங்க? அபராதம்தானே." அவன் காகிதத்தோடு நிமிர்ந்து பார்த்தான். "கால்கிலோகிட்ட வருஷத்துக்கு நாலு தடவை கட்டறேன். கட்டிட்டு அடுத்த வாரம் ஓட்டலியா?"

அபராதமும் தண்டனைதான் என்று நான் சொன்னேன். வக்கீல் சொன்னார். அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். மைதானத்தில் அபராதம் என்றால் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி, அவ்வளவுதான். சாட்டையை ஒரு தடவை கூடுதலாக வீசியதற்கு அபராதம், பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அபராதம். தண்டனை என்றால் ஜெயில் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடம் மைதானத்தில் வாழ்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கல்லவா அது தோன்றியிருக்க வேண்டும்?

"அப்பீல் போகலாமே சார்?" என்றேன்.

"தானே வாயால ஒத்துக்கிட்டதை மேல போய் என்னன்னும்மா சொல்றது? அவர் கேட்டிருக்காரு, யோசிக்கவும் சொல்லியிருக்காரு, எழுதியும் வெச்சிருப்பாரு" என்றார் வக்கீல்.

மதிய இடைவேளையில் சில்லறையின் அறைக்கு வெளியே காத்து நின்றேன். போகக் கூடாதுதான். மானம் பார்க்கிற நேரமா அது? சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தவர், நான் சொன்னதை நின்று முழுக்கக் கேட்டார். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"லைசன்ஸ் விஷயம் எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பையனும் சொல்லல. நல்லது பண்றோம்னுதான் நெனச்சேன்."

"திருத்தி எழுத முடியாதா ஐயா?"

"கையெழுத்துப் போட்டாச்சேம்மா. என் கையால எழுதினதை நானே அழிக்கச் சட்டம் விடாது." ரெண்டு அடி நடந்தவர் திரும்பினார். "நீங்கள்லாம் எனக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்கன்னு தெரியும். எனக்கு அதுல சந்தோஷம்தான். ஜெயிலுக்கு அனுப்பறவன்னு பேர் எடுக்கலியேன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிளப்பிலிருந்து சனிக்கிழமை காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். கெட்ட சேதிக்கு அவர்களிடம் வாய்தாவே கிடையாது. நானும் கூடப் போனேன். விசாரணை அறையில் நீளமான மேஜை, அதன் பின்னால் மூன்று பேர். பன்னிரண்டு வருடம் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் கேலி செய்த மனிதர்களை அன்றுதான் முதன்முதலில் நேரில் பார்த்தேன். கழுகு என்றால் கொக்கி மூக்கோடு இருப்பார் என்று கற்பனை செய்திருந்தேன். உருண்டை முகத்தோடு ஒரு ஆள் இருமிக்கொண்டிருந்தார்.

வருத்தம் காகிதத்தைக் கையில் எடுத்தார். "எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதியைப் படித்தார், கோர்ட் உத்தரவைப் படித்தார், லைசன்ஸ் ரத்து என்று முடித்தார்.

"ஏதாவது சொல்லணுமா?"

"என் தப்புதான் ஐயா" என்றான் என் தம்பி.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அன்னைக்குக் கேட்டைத் தொறந்து வெக்கச் சொன்னது யாரு? யாரோட காருக்காகத் தொறந்து கெடந்துச்சு? அதை ஏன் எவரும் கேக்கல?" என்று சத்தமாகவே கேட்டேன்.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "வேண்டாம்க்கா. பேசினா ரெண்டு மடங்காயிடும்."

எதை ரெண்டு மடங்காக்குவார்கள்? போவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருந்தது? வருத்தம் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார். கதவருகே நின்றவர் அதைத் திறந்தார். தம்பி லைசன்ஸ் அட்டையை ரெண்டு கையாலும் மேஜை மேல் வைத்தான். கால்கிலோ மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து, நாங்கள் வெளியே போகும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செம்பழுப்புக் குதிரையை வேறொருவன் ஓட்டினான். முதலாவதாக வந்தது.

தம்பி இப்போது ஒரு பெயின்ட் கிடங்கில் டப்பா அடுக்குகிறான். சாயங்காலம் வந்து என்னோடு உட்கார்ந்து தட்டு நிறையச் சாப்பிடுகிறான். "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்கிறான். போடுகிறேன். பன்னிரண்டு வருடம் அவன் சாப்பிட மாட்டானா என்று ஏங்கியவள் நான். இப்போது அவன் தட்டை நீட்டும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கன்னம் உப்பிவிட்டது, பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை. சாப்பாட்டு மேஜையில் நாங்கள் யார் பெயரையும் சொல்வதில்லை. நான் கோர்ட்டிலும் பெயர் வைப்பதை விட்டுவிட்டேன். பேனா மூடி மாற்றலாகிப் போய், புதிதாக ஒருவர் வந்து நாலு மாதமாகிறது. அவருக்கு இன்னும் பெயர் இல்லை. நெட்டை ரெண்டு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நான் வைக்கவில்லை என்பதற்காகப் பெயர்கள் பிறக்காமல் இருக்குமா? போன வாரம் மூன்றாவது கோர்ட் வாசலில் நெட்டை ஒரு கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவர், முதல்முறையாகக் கோர்ட்டுக்கு வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஐயா கேட்டா இல்லன்னு சொல்லணும். மறந்துகூட ஜாக்கி போட்டுடாதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவன், நான் பின்னால் நிற்பதைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நான் வந்து..." என்று இழுத்தவன், வழக்குக் கட்டை எடுத்து வருவதாகச் சொல்லி நழுவிவிட்டான். எத்தனை நாளாக இந்த வார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறதோ. எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. பெயர் வைக்கப்பட்டவருக்குத்தான் அது கடைசியில் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியாததா?

லாரிக்காரர் விழித்துக்கொண்டு நின்றார். "ஜாக்கி போடறதுன்னா என்னங்கம்மா?" என்று என்னையே கேட்டார்.

பேசாமல் போயிருக்கலாம். உள்ளே பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் நெட்டி முறித்து முறித்து விரல்களைச் சிவக்க வைத்திருந்தார். அதனால் சொன்னேன். ஒரு ஜாக்கி இருந்தான், முதல் கேள்விக்கே ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சின்ன அபராதத்தோடு தப்பித்தோம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தான், பிழைப்பே போய்விட்டது என்று சொன்னேன். யார் என்ன என்று சொல்லவில்லை.

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அட லூசுப் பயலே" என்று வாய்விட்டுச் சிரித்தார். பயம் கொஞ்சம் விட்டிருந்தது.

"சிரிச்சது போதும். எங்க, சொல்லுங்க பார்ப்போம். குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்றேன்.

"இல்ல" என்றார், ஒரே தடவையில்.